2147483647

2147483647 ஒரு பகா எண். சுருக்கமாக 2³¹ – 1. நம் வழக்கில் சொன்னால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பர். அவற்றுள் இது எட்டாவது. இதில் அடுக்காக நிற்கும் 31-உம் ஒரு மெர்சென் பகா எண்தான் (2⁵ – 1). இப்படி அடுக்கும் விடையும் இரண்டுமே மெர்சென் பகா எண்களாக அமைந்தவை இதுவரை நான்கே தெரியும்: 7, 127, 2147483647, 2¹²⁷ – 1.

இது பகா எண் என்று இத்தாலியின் கத்தால்தியும், 1644இல் பிரெஞ்சுத் துறவி மெர்செனும் சொல்லியிருந்தனர். நிறுவியவர் லியோனார்டு ஆய்லர், ஆண்டு 1772. நேரடியாக வகுத்துப் பார்ப்பதென்றால் இதன் வர்க்கமூலத்தின் முழுவெண் பகுதியாகிய 46340 வரை உள்ள பகா எண்கள் அனைத்தாலும், அதாவது நாலாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்டவற்றால், வகுத்தாக வேண்டும். ஆய்லர் முதலில் காரணியின் இயல்பை ஆராய்ந்தார். இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 62ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் இணைத்தால், 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 தரும் எண்களை மட்டும் சோதித்தால் போதும். 46340க்குள் அத்தகைய பகா எண்களின் எண்ணிக்கை 372க்கு மேல் இல்லை. ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை. அப்போது ஆய்லர் ஏறக்குறைய முழுவதுமாகப் பார்வை இழந்திருந்தார் என்பதையும் சேர்த்து எண்ணினால், கணித வரலாற்றின் பெருஞ்செயல்களில் ஒன்றாகவே இதைக் கொள்ள வேண்டும்.

இதை 2³⁰ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக இருப்பது நிறைவெண். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டறியப் போவதில்லை என்று 1811இல் பீட்டர் பார்லோ எழுதினார். 1876இல் கணித அறிஞர் லூக்கா 2¹²⁷ – 1 பகா எண் என நிறுவியதும் அதிலிருந்து இன்னும் பெரிய நிறைவெண் கிடைத்து, அக்கூற்று பொய்த்தது.

இரும எண்முறையில் இது தொடர்ந்து முப்பத்தொரு 1கள். அதனால் கணினியில் குறியுடைய 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் இதுவே. இந்த எல்லைக்கும் பகாத்தன்மைக்கும் தொடர்பில்லை. சமவாய்ப்பு எண்களை உருவாக்கும்போதுதான் பகாத்தன்மை உதவுகிறது: 1இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் ஒருமுறை வந்த பிறகே சுற்று மீண்டும் தொடங்கும்.

1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடும் 32 பிட் அமைப்புகள் 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8:44:07க்கு, இந்த எண்ணைத் தொடும். அடுத்த நொடியில் அவற்றின் கணக்கு 1901 டிசம்பருக்குப் பின்னோக்கிப் போய்விடும். இத்தகைய பழைய அமைப்புகளை வைத்திருப்போர் அதற்குள் 64 பிட்டுக்கு மாறிவிட வேண்டும்.