மானிப்பாய் டொக்டரும் நாம் தாண்டிப்போகும் பாடமும்

பதிவு கொஞ்சம் நீளம். ஆசிரியர்களும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

போன தவணையில் ஒரு நாள். இடைவேளை முடிந்து வகுப்புக்குப் போனால் ஒரு பிள்ளை கதிரையை விட்டு எழும்பவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டோம். "டீச்சர், எனக்கு ஏதோ பெரிய வருத்தம் வந்துட்டு. உம்மாட்ட சொல்லாதீங்க" என்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று நமக்கு உடனே விளங்கியது. அவளுக்குத்தான் விளங்கவில்லை. தான் சாகப்போவதாக நினைத்துக்கொண்டு ஒரு பாடவேளை முழுவதும் அந்தக் கதிரையிலேயே இருந்திருக்கிறாள்.

அவளுடைய சுகாதாரப் புத்தகத்தில் அந்தப் பாடம் இருக்கிறது. படமும் இருக்கிறது. நாம்தான் நடத்தவில்லை. "வீட்டில் வாசித்துக்கொண்டு வாங்க பிள்ளைகள்" என்று சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விட்டோம். நமக்குப் படிப்பித்தவர்களும் அப்படித்தான் போனார்கள். ஆசிரியர் பயிற்சிக் காலத்திலும் அந்தப் பக்கங்களை யாரும் திறந்து காட்டவில்லை.

அன்று இரவு நித்திரை வரவில்லை. அப்போது நினைவுக்கு வந்தவர்தான் மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரிக்குத் தன் பெயரைக் கொடுத்த சாமுவேல் பிஸ்க் கிறீன். அந்த ஆஸ்பத்திரிக்குப் போகாத யாழ்ப்பாணத்துக் குடும்பம் குறைவு. ஆனால் அந்த மனிதர் செய்த வேலையை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிசனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு முன்பே பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் என்ற மிசன் டொக்டர் இருந்திருக்கிறார். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, அடுத்த ஆண்டே மானிப்பாய்க்கு வந்து, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார்.

முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். அதில் ஒரு சிக்கல் வந்தது. ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளிக்கு டொக்டர் இல்லை. (இந்தக் கதை இன்றைக்கும் நமக்குப் புதிதில்லை!) ஆகவே இரண்டாவது முறை யாழ்ப்பாணம் வந்தபோது, 1864 முதல் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே நடத்துவது என்று முடிவெடுத்தார். இரண்டு காலத்திலுமாக 60க்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் படித்து வெளியேறினார்கள். அவர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள்.

தமிழில் படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே? எழுதினார். டான்போத், சாப்மன், பவுல் ஆகியோர் மொழிபெயர்ப்பில் கூட இருந்தார்கள். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். மிசன் பள்ளிகளில் அமெரிக்கப் பெயர் சூட்டப்பட்ட நம்மூர்த் தமிழர்கள். அறுவைச் சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதமும்' பொது மருத்துவத்துக்கு 'வைத்தியாகரமும்' 1872இல் வந்தன. இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்' 1875இல். ஊர் திரும்பிய பிறகும் அமெரிக்காவில் இருந்துகொண்டே தமிழ்ப் புத்தக வேலையைச் செய்தார். உடற்றொழிலியல் நூலான 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு காலமானார்.

இந்தப் பட்டியலில் நாம் நின்று பார்க்க வேண்டியது 1857இல் வந்த ஒரு நூலை. பெயர் 'பிரசவ வைத்தியம்'. மவுன்செல் என்ற ஆங்கில நூலாசிரியரின் பிரசவ மருத்துவப் புத்தகத்தின் தமிழாக்கம் அது.

1857 என்பது எப்படிப்பட்ட காலம் என்று யோசித்துப் பாருங்கள். கிறீன் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய அதே 1847இல்தான் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டொக்டர், பிள்ளை பார்க்கும் வைத்தியர்கள் குளோரின் கரைசலில் கை கழுவினால் தாய்மார் சாவது குறையும் என்று காட்டினார். அவருடைய சக டொக்டர்கள் பலர் அதை ஏற்கவே இல்லை. இங்கே பிள்ளைப்பேறு முழுக்க மருத்துவிச்சிகளின் கையில் இருந்தது. நமது உம்மம்மாவுக்கும் மருத்துவிச்சிதான் பிள்ளை பார்த்தார். அந்தக் கைகளை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் பிள்ளை குறுக்கே கிடந்தால், இரத்தம் நிற்காவிட்டால், அடுத்து என்ன என்று அறிய ஒரு வழி வேண்டும். அன்னிய ஆண் டொக்டரை உள்ளே விட எந்த வீடு சம்மதித்திருக்கும்? இந்துவானாலும் சோனகரானாலும் அதே கதைதான். பெண்களுக்கென்று இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி வந்ததே 1898இல்தான். அதற்கு 41 வருடங்களுக்கு முன்பே கர்ப்பம், பிரசவம் பற்றி ஒரு முழு நூல் தமிழில் வந்துவிட்டது.

அவர் சொற்களைத் தேடிய முறையையும் சொல்ல வேண்டும். முதலில் தமிழில் வழங்கும் சொல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லையென்றால் சமஸ்கிருதம். அதிலும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். கெமிஸ்தம் அப்படி வந்தது. அங்காதிபாதம் என்ற சொல்லைக் கேட்டால் தமிழ் படித்தவர்களுக்குக் கேசாதிபாதம் நினைவுக்கு வரும். தலைமுடியிலிருந்து பாதம்வரை தெய்வத்தையும் தலைவியையும் பாடிய மொழிதான் இது. அந்த மொழியில் உடம்பின் உள்ளேயும் பார்க்கலாம் என்று அவர் நம்பினார்.

இனி ஒரு கணம் ஐரோப்பாவுக்குப் போவோம். கிறீன் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1886இல், ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மனநலப் பேராசிரியராக இருந்த கிராப்ட் எபிங், 'சைக்கோபதியா செக்சுவாலிஸ்' என்ற நூலை வெளியிட்டார். பாலியலை ஒரு மருத்துவத் துறையாக ஆராயத் தொடங்கிய நூல்களில் அது முக்கியமானது. டொக்டர்களும் நீதிபதிகளும் மட்டும் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆகவே தலைப்பை இலத்தீனில் வைத்தார். கூச்சமான பகுதிகளையும் இலத்தீனில் எழுதினார், சாதாரண மக்களுக்கு விளங்கக்கூடாது என்று. என்ன நடந்தது? சாதாரண மக்கள்தான் தேடித்தேடி வாங்கினார்கள். 1902இல் அவர் சாகும்வரை பதிப்புக்கு மேல் பதிப்பு. "என் கதையும் இதுதான் டொக்டர்" என்கிற மாதிரி வாசகர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே அத்தனை பேர் காத்திருந்திருக்கிறார்கள்.

கிறீன் பாலியல் ஆராய்ச்சியாளர் அல்ல. அவர் பிரசவமும் உடற்கூறும் எழுதியவர். எபிங் ஆசைகளையும் குற்றங்களையும் எழுதியவர். துறை வேறு, நோக்கம் வேறு. ஆனால் ஒரே காலத்து இரண்டு டொக்டர்கள் ஒரே கேள்வியை எதிர்கொண்டார்கள்: உடம்பைப் பற்றிய அறிவை யாருடைய மொழியில் வைப்பது? ஒருவர் சனங்களுக்கு விளங்காத மொழியில் வைத்தார். மற்றவர் சனங்கள் பேசும் மொழியில் வைத்தார்.

அந்தத் துறைக்குப் பிறகு நடந்ததையும் நம்மூர்க்காரர் அறிய வேண்டும். பெர்லினில் மக்னஸ் ஹேர்ஷ்பெல்ட் என்ற யூத டொக்டர் 1919இல் பாலியல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1933 மே மாதம் நாசிகள் அதைச் சூறையாடி, நூலகத்தை நடுவீதியில் போட்டு எரித்தார்கள். 1981இல் நமது யாழ் நூலகம் எரிந்த ஊரில் இருந்து இதை எழுதுகிறோம். புத்தகத்துக்குப் பயப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நமது நாட்டில் இந்த வேலையைத் தொடர்ந்தவர் ஒரு பெண். 1896இல் கனடாவிலிருந்து வந்த டொக்டர் மேரி ரட்ணம். தமிழர் ஒருவரைத் திருமணம் செய்து இங்கேயே வாழ்ந்தார். பாடசாலைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். குடும்பக் கட்டுப்பாடு பற்றி 1930களிலேயே துணிந்து பேசினார். 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் உருவாக உழைத்தார். 1958இல் மக்சேசே விருது கிடைத்தது.

இப்போது சிலர் கேட்பீர்கள்: "முஸ்லிம் டீச்சர், மிசனரியைப் பற்றி இவ்வளவு எழுதுறீங்களே?" கிறீன் மதம் பரப்பத்தான் வந்தார், அதை அவர் மறைக்கவும் இல்லை. அது அவருடைய கணக்கு. நமது கணக்கைப் பார்ப்போம்.

நாம் கைக்குழந்தையாக இருக்கும்போது, 1990இல், சோனகத்தெருவை விட்டுப் போனோம். வளர்ந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். அங்கே மதரசாவில் ஹைளு, நிபாஸ், குளிப்பு எப்போது கடமை என்பதையெல்லாம் சின்ன வயதிலேயே ஓதினோம். சட்டம் பாடமாக இருந்தது. ஆனால் உடம்பில் அது ஏன் நடக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. பெரிய பிள்ளையான அன்று, அந்தச் சொல்லும் இந்த இரத்தமும் ஒன்றுதான் என்று நமக்கே தெரியவில்லை. அழுதோம். உம்மாவும் அழுதா. கொட்டிலில் மறைப்பு இல்லையே என்றுதான் அவ அழுதா என்பது பிறகுதான் விளங்கியது.

மார்க்கம் நமக்கு வாயை மூடச் சொல்லவில்லை. அன்சாரிப் பெண்களை ஆயிஷா நாயகி (ரலி) புகழ்ந்ததே, மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதற்காகத்தான். குளிப்பு பற்றியும் உதிரம் பற்றியும் பெண்கள் நேரே நபியவர்களிடம் (ஸல்) கேட்டார்கள். பதில் கிடைத்தது. வெட்கம் ஈமானில் ஒரு பகுதிதான். ஆனால் ஒரு பிள்ளை சாகப்போவதாகப் பயந்துகொண்டு கதிரையில் இருக்கும்போது வாய் திறக்காமல் இருந்ததை வெட்கம் என்று நாம் சொல்ல மாட்டோம். அது நமது சோம்பலும் பயமும்.

பயம் வீணானது என்றும் சொல்ல மாட்டோம். முன்பு ஒரு தடவை அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தைத் தொட்டதற்கே ஒரு வாப்பா வாசலில் வந்து நின்றார். "என்ன டீச்சர் படிப்பிக்கிறீங்க?" என்றார். அன்றைக்கு நமக்குப் பதில் வரவில்லை. இன்று இருக்கிறது: "உங்கட மகள் பயப்படாம இருக்கிறதுக்குப் படிப்பிக்கிறோம்."

அந்தப் பிள்ளையை அன்று கைபிடித்து ஓய்வறைக்குக் கூட்டிப்போனோம். தமிழில், நமக்குத் தெரிந்த சொற்களில், முழுவதும் சொன்னோம். பத்து நிமிசம்தான் ஆனது. முடிவில் அவள் கேட்டாள்: "இவ்வளவுதானா டீச்சர்? இதை ஏன் முதலே சொல்லல்ல?"

160க்கும் மேற்பட்ட வருடங்களுக்கு முன்பு ஒரு வெளிநாட்டவர் நமது மொழியில் புத்தகமே போட்டுவிட்டார். நாம் பத்து நிமிசத்துக்கு வெட்கப்பட்டோம்.

வருகிற திங்கட்கிழமை அந்த அலகை நடத்தப் போகிறோம். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பாடவேளை. ஆண் பிள்ளைகளுக்கு நடத்த ஒரு சேரிடம் கேட்டிருக்கிறோம். யோசித்துவிட்டு ஓம் என்றார். உம்மாமாருக்கும் ஒரு கூட்டம் வைக்கிறோம். துஆ செய்யுங்கள்.

இதே பாடத்தைத் தாண்டிப்போன ஆசிரியர்கள் இதை வாசித்தால், உங்கள் வகுப்பிலும் அந்தக் கதிரையில் ஒரு பிள்ளை இருக்கக்கூடும் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.