கட்டைவிரலின் பாடு

'ஷி' என்றால் விரல். 'ஆட்சு' என்றால் அழுத்தம். ஜப்பானிய மொழியில் இரண்டும் சேர்ந்தால் ஷியாட்சு. எண்ணெய் கிடையாது, உடுப்பைக் கழற்ற வேண்டியதில்லை, தரையில் ஒரு மெத்தை போதும். சென்னை ஸ்பாக்களின் விலைப்பட்டியலில் ஸ்வீடிஷ், தாய், பாலினீஸ் என்ற வரிசையில் இதுவும் இருக்கும். இதைச் செய்துகொள்பவருக்கு என்ன நன்மை என்று நிறைய எழுதிவிட்டார்கள். செய்கிற கைக்கு என்ன ஆகிறது என்று எழுதியவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றியது.

நான் பசியாவரத்துக்காரி. பழவேற்காட்டிலிருந்து ஏரியைத் தாண்டினால் எங்கள் ஊர். பெயரைப் பிரித்துப் படித்தால் பசிக்காமல் இருக்க வரம் வாங்கிய ஊர் மாதிரி தெரியும். ஊர்க்காரர்களே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆறு வருஷமாகச் சென்னையில் உடம்பு பிடிக்கிற வேலை பார்க்கிறேன். என் தொழிலின் வரலாற்றைத் தேடப் போனபோது, அது என் ஏரிக்கரையையும் தொட்டுக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1609-இல் ஜப்பானின் ஹிராடோவில் கிடங்கு திறந்தது. 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் கம்பெனிக்குத் தலைமையிடம் பழவேற்காடுதான். இங்கிருந்து சாயத்துணியும் கோடுபோட்ட துணியும் பத்தாவியா போய், அங்கிருந்து நாகசாகி துறைமுகத்தின் டெஜிமா தீவுக்குப் போயின. ஜப்பானில் ஒருவகைக் கோட்டுத்துணிக்கு இன்றைக்கும் 'சாந்தோமே' என்று பெயர். நம்ம சாந்தோம்தான் அது. துணி மட்டும் போகவில்லை. இந்தக் கரையின் ஏழைகளையும் அடிமைகளாக அதே பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

அதே கம்பெனியில் வில்லெம் டென் ரைனே என்றொரு மருத்துவர். 1674 முதல் 1676 வரை டெஜிமாவில் இருந்தார். அங்கே பார்த்த ஊசிமருத்துவத்தைப் பற்றி அவர் எழுதிய லத்தீன் நூல் 1683-இல் லண்டனில் வந்தது. 'அக்குபங்சர்' என்ற சொல்லை ஐரோப்பாவில் பரப்பிய நூல் அது. அதன் முதல் பொருள் மூட்டுவலி. கிழக்கின் மருத்துவத்தை மேற்கு தேடிப்போனதே மூட்டு வலித்ததால்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பழவேற்காட்டிலிருந்துதான் ஷியாட்சு ஜப்பானுக்குப் போனது என்று யாராவது வாட்ஸப்பில் கிளப்பிவிடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அப்படி எதுவும் இல்லை. உடம்பை அமுக்கிவிடுவது எல்லா ஊரிலும் உண்டு. சித்த மருத்துவத்தில் அதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டனில் அமுக்குக் குளியல் நடத்தி அரசர்வரைக்கும் வாடிக்கை பிடித்தார். நாம் தலைக்குப் போடும் ஷாம்பூவே 'அமுக்கு' என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து போனதுதான்.

ஜப்பானில் இந்த வேலையின் பழைய பெயர் அன்மா. சீனாவிலிருந்து வந்த முறை. எடோ காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அன்மா பெரும்பாலும் பார்வையற்றவர்களின் தொழிலாக ஆனது. இரவில் ஊதுகுழல் ஊதிக்கொண்டு தெருவில் போவார்கள். சத்தம் கேட்டு வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள். பார்வையற்ற ஆண்களுக்கு 'தோதோசா' என்றொரு சங்கம் இருந்தது. படிநிலைகள், கட்டணம், உள்ளே ஏற்றத்தாழ்வு எல்லாம் உண்டு. ஆனாலும் அது ஒரு பிடிமானம். நவீன அரசு வந்ததும் 1871-இல் அதைக் கலைத்தது.

1911-இல் அன்மாவுக்கு உரிமம் கட்டாயமானது. உரிமம் இல்லாமல் கைவைத்தியம் பார்த்தவர்கள் புதுப்புதுப் பெயர்களில் ஒதுங்கினார்கள். அப்படிப் பரவிய பெயர்களில் ஒன்றுதான் ஷியாட்சு. பெயரைக் கேட்டால் ஆயிரம் வருஷப் பழசு மாதிரி இருக்கும். உண்மையில் 20-ஆம் நூற்றாண்டுக் குழந்தை.

அந்தக் குழந்தையை ஊரறியச் செய்தவர் தொகுஜிரோ நமிகோஷி. 1905-இல் பிறந்தவர். அவருக்கு ஏழு வயசிருக்கும்போது குடும்பம் வடக்கே குளிர்மிகுந்த ஹொக்கைடோவுக்குக் குடிபெயர்ந்தது. அம்மாவுக்கு மூட்டெல்லாம் வலி. பக்கத்தில் மருத்துவர் இல்லை. பையன் தேய்த்துவிட்டான், அமுக்கிவிட்டான். தேய்ப்பதைவிட அழுத்துவது அம்மாவுக்கு இதமாக இருந்தது. ஷியாட்சு இப்படித்தான் பிறந்தது என்பது அவர் சொல்லிவந்த கதை. 1925-இல் ஹொக்கைடோவில் சிகிச்சை நிலையம் திறந்தார், 1940-இல் டோக்கியோவில் பள்ளி தொடங்கினார். 1954-இல் தேனிலவுக்கு டோக்கியோ வந்த மர்லின் மன்றோவுக்கு உடம்பு முடியாமல்போனபோது அவரைத்தான் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் பெயரைப் பரப்பத் தனியாக விளம்பரம் தேவைப்படவில்லை.

இடையில் ஒரு கண்டம். போரில் தோற்ற ஜப்பானை ஆண்ட அமெரிக்க நிர்வாகம் 1947-இல் ஊசி, சூடு போன்ற மரபு வைத்தியங்களை நிறுத்தப் பார்த்தது. பார்வையற்ற தொழிலாளிகள் திரண்டு எதிர்த்தார்கள். அந்த வருஷக் கடைசியில் வந்த சட்டம் தொழிலைக் காப்பாற்றியது. 1955-இல் ஷியாட்சு அன்மாவின் ஒரு பகுதியாகச் சட்டத்தில் ஏறியது. 1964-இல் தனிப்பெயர் கிடைத்தது. பார்வையற்றோரின் பிழைப்பைக் காக்க, பார்வையுள்ளவர்களுக்கான புதுப் பயிற்சிப் பள்ளிகளை அரசு கட்டுப்படுத்தலாம் என்ற விதியும் அப்போது வந்ததுதான். அந்த விதி செல்லும் என்று 2022 பிப்ரவரியில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று உறுத்தியது. யார் அழுத்தலாம், எந்தப் பெயரில் அழுத்தலாம், யார் பள்ளி நடத்தலாம் என்பதுதான் சண்டை முழுக்க. ஒரு நாளைக்கு எத்தனை பேரை அழுத்தலாம் என்ற கேள்வி அந்தச் சண்டையில் என் கண்ணில் படவே இல்லை.

சரி, எப்படி அழுத்துவது? அடிப்படை எளிமையானது. முதல் பாடம், அமுக்காதே, சாய். தோள், முழங்கை, மணிக்கட்டு, கட்டைவிரல் நான்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விரல் தோலுக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். எடை இடுப்பிலிருந்து வர வேண்டும், கையின் தசையிலிருந்து அல்ல. முட்டிகளை அகலமாக வைத்து உட்கார்ந்தால் உடம்பே முன்னால் சாயும். மெல்ல இறங்கி, மூன்றிலிருந்து ஐந்து நொடி நின்று, மெல்ல எழும்ப வேண்டும். படுத்திருப்பவர் மூச்சை வெளிவிடும்போது இறங்கினால் அவர் உடம்பு எதிர்க்காது. காய்ச்சல், எலும்பு முறிவு, காலில் ரத்தக்கட்டு இருப்பவர்களைத் தொடக்கூடாது. கர்ப்பிணிகளையும் எலும்பு தேய்ந்தவர்களையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஷியாட்சு எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இறுக்கம் தளரும், தூக்கம் வரும், அதுவே பெரிசு.

நமிகோஷியின் முறை பெரும்பாலும் கட்டைவிரலை நம்பியது. அவருக்குப் பின் வந்த ஷிசுதோ மசுனாகா (1925–1981) உள்ளங்கை, முழங்கை, முழங்கால் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். ஒரு கை அழுத்தும்போது இன்னொரு கை சும்மா தாங்கியிருக்கும். தத்துவக் காரணங்கள் நிறையச் சொல்வார்கள். வேலை செய்கிறவளுக்கு இதில் தெரிகிற லாபம் வேறு: கட்டைவிரலுக்குக் கொஞ்சம் லீவு கிடைக்கிறது.

ஏன் லீவு வேண்டும்? கட்டைவிரலின் அடிமூட்டு குதிரைச் சேணம் மாதிரி இருக்கும். எல்லாப் பக்கமும் திரும்பும். அதனாலேயே உறுதி குறைவு. விரல்நுனியால் கிள்ளிப் பிடிக்கும்போது அடிமூட்டில் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான சுமை விழுகிறது. நாளுக்கு எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். மணிக்கட்டின் ஓரத்தில் கட்டைவிரல் நரம்பு வீங்கி வலிக்கும் நோயை 1895-இல் ஃபிரிட்ஸ் த கெர்வான் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் விவரித்தார். நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் தசைநாண். தோசைக் கரண்டியைத் திருப்பினால் உயிர் போகும். எனக்கு வந்தது.

நான் வேலை பார்த்த இடத்தில் சம்பளம் குறைவு, மீதி தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். விரல் வலிக்கிறது என்று சொன்னதற்கு, "முடியலன்னா ஆள் மாத்திக்கலாம்" என்று பதில் வந்தது. நம்மூரில் மசாஜ் என்றாலே ஒரு நமட்டுச் சிரிப்பு இருக்கிறது, இல்லையா? அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இந்தத் தொழிலாளியின் கை யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

ஊருக்குப் போனபோது சின்னம்மா என் கையைப் பார்த்தாள்.

"இன்னாடி, கைய இப்டி வெச்சினுகீற?"

"வேலைல வலி வந்துச்சு சின்னம்மா."

"ஏரில எறங்காமலே உனுக்கு வந்துச்சா!" என்றாள். தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். விரல் முட்டிகள் புடைத்து, நகக்கண்ணில் சேற்றுப்புண் ஆறிய தழும்புகள்.

பழவேற்காடு ஏரியில் பெண்கள் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இருளர்களும் இப்படிப் பிடிப்பார்கள். தண்ணீரில் குனிந்து, தவழ்ந்து, சேற்றில் விரலால் துழாவ வேண்டும். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும், இரண்டு கையும் வேலையில் இருப்பதால். சேற்றில் ஓட்டுமீனின் அசைவை விரல்நுனி கண்டுபிடிக்கிறது. உடம்பில் இறுக்கத்தைத் தேடும் என் விரலும் அதைத்தான் செய்கிறது. ஒரே விரல், ஒரே வலி.

இந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய முறை இருக்கிறது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் அதிகம் கிடைக்கும் இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அதனால் ஊர்களுக்குள் முறை, ஊருக்குள் தலைக்கட்டுகளுக்குச் சீட்டு. இன்று உன் பாடு, நாளை என் பாடு. நல்ல இடம் ஒருவருக்கே போகாது. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பொதுவளத்தைப் பங்கிடும் அருமையான ஏற்பாடு என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது: முறை என்று ஒன்று இருந்தால், முறை இல்லாத நாள் என்றும் ஒன்று இருக்கும். அந்த நாளில் அந்த வலையின் கயிறு கையை அறுக்காது.

தமிழில் பாடு என்றால் முறை, பாடு என்றால் உழைப்பு, பாடு என்றால் துன்பம். மூன்றையும் ஒரே சொல்லில் வைத்தவர்களுக்கு, முறை போய்விட்டால் உழைப்பு துன்பமாகிவிடும் என்று தெரிந்திருக்கும்.

ஆனால் அந்தப் பாடு ஆண்களுக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட மீனவச் சாதியின் தலைக்கட்டுகளுக்கு மட்டும். சேற்றில் தவழும் பெண்களுக்கும் இருளர்களுக்கும் சீட்டில் பெயர் கிடையாது. கிழக்குக் கடலில் மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளுக்கு வருஷத்தில் 61 நாள் தடை உண்டு. மீனுக்கு ஓய்வு வேண்டும் என்று அரசுக்கே தெரிகிறது. சின்னம்மாவின் விரலுக்கு ஒரு நாள்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

ஷியாட்சு பயிற்சியில் 'செல்ஃப் கேர்' என்று ஒரு பாடம் உண்டு. நகத்தை ஒட்ட வெட்டு. வேலைக்கு முன் கையைச் சூடுபடுத்து. இரண்டு பேருக்கு நடுவே பதினைந்து நிமிஷம் விடு. கட்டைவிரல் வலித்தால் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் மாறு. மூச்சைப் பிடிக்காதே. நல்லாத் தூங்கு. எல்லாமே சரி, இன்றும் நான் கடைப்பிடிக்கிறேன். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் இடத்தில் அந்தப் பதினைந்து நிமிஷம் யாருடைய காசு? தன் கையைத் தானே பார்த்துக்கொள் என்று சொல்வது, சீட்டில் பெயர் எழுதாமல் ஓய்வெடு என்று சொல்வது மாதிரி.

பயிற்சிக்கூடத்தில் எனக்குப் பிடித்த வழக்கம் வேறொன்று. மாணவர்கள் ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். இப்போது நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்து சின்னதாக ஓர் அறை எடுத்து வேலை செய்கிறோம். ஆளுக்கு ஒரு நாளில் நான்கு பேருக்கு மேல் இல்லை. வருமானத்தைப் பொதுவில் போட்டுப் பிரிக்கிறோம். திங்கள்கிழமை கதவைச் சாத்திவிட்டு ஒருத்திக்கு மற்ற இருவரும் செய்வோம். வருமானம் முன்பைவிடக் குறைவு. வாடகை கட்டும் வாரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கரண்டியைத் திருப்ப முடிகிறது.

சுவரில் ஒரு தாளில் மூன்று பெயரையும் வரிசையாக எழுதி ஒட்டியிருக்கிறோம். தலைப்பு: 'பாடு'. சின்னம்மா கண் ஆஸ்பத்திரிக்காகச் சென்னை வந்தபோது அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பொம்பள பேர்லாம் கீதே!" என்றாள். அடுத்த திங்கள் அவளுடைய முறை என்று நாலாவதாக எழுதிக்கொண்டோம்.