கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு சரித்திரப் பாடம்

நான்கு வருடம் விடுதி மொட்டை மாடியிலிருந்து சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டே படித்தவன் நான். நண்பர்களோடு பைக்கில் ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு, இருட்டுமுன் இறங்கிவிடுவோம். ஏற்காட்டுக்கும் சரித்திரம் உண்டு என்று அப்போது தோன்றியதே இல்லை.

அதைக் காட்டியவர் இப்போது நம் கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கும் தம்பி ஒருவர். சொந்த ஊர் நாகலூர் பக்கம். "கார் வேண்டாம்ணா, பஸ்ஸிலயே போலாம். அப்பதான் மலை தெரியும்" என்றார்.

சேலத்தில் அரசு பஸ் ஏறினோம். அடிவாரம் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம், மொத்தம் 20. நாற்பதடிப் பாலம், அறுபதடிப் பாலம் என்று தம்பி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் பாதிப்பேர் சந்தைச் சாமான்களோடு வீடு திரும்பும் மலைமக்கள். சுற்றுலாவுக்கு வந்தவன் நான் ஒருவன்தான் போலிருந்தது!

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். ஏற்காட்டின் கதையை எல்லோரும் அவரிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். தம்பியோ ஒண்டிக்கடையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஹோலி டிரினிடி தேவாலயத்துக்கு நடத்திக்கொண்டு போனார். ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் அஸ்தி அடக்கம் செய்யப்பட்ட இடம் அது.

ஃபுட் 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் எடுத்த கற்கோடரிதான் இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு முதல் சான்றாயிற்று. ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் குடியிருந்து, 1912-ல் கல்கத்தாவில் காலமானார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874-ல் வெளியிட்டவர்; 1882-ல் ஏற்காட்டிலேயே மறைந்தார். பல்லாவரத்துக் கல்லுக்கும் தமிழ்ப் பழமொழிக்கும் இந்த மலையில் ஒரு குடும்ப உறவு!

சேர்வராயன் மலையிலும் புதிய கற்காலத்து வழவழப்பான கோடரிகள் கிடைத்திருக்கின்றன. மலையாளி பழங்குடி மக்கள் அவற்றைச் சிறு கோயில்களில் வைத்து வழிபட்டு வந்ததும் பதிவாகியிருக்கிறது. ஃபுட்டின் சேகரிப்பு 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

இதைச் சொன்னதும் தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "காக்பர்ன் வந்து இருநூறு வருஷம். அந்தக் கல்லைத் தீட்டினவங்க பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தி. ஆனா ஏற்காட்டைக் கண்டுபிடிச்சவர்னா எல்லாரும் காக்பர்ன் பேரைத்தானேணா சொல்றாங்க? அதுக்கு முந்தி இங்க யாருமே இல்லையா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. பொறியியல் படித்த எனக்கு அந்தக் கோடரியைத் தீட்டியவனும் ஒரு பொறியாளன்தான் என்று அன்றுவரை உறைக்கவில்லை. அவன் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

மாலை பஸ்ஸில் நான் மட்டும் இறங்கினேன். தம்பி நாகலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

நண்பர்களே, அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஒருநாள் கூடுதலாக ஒதுக்குங்கள். அரசு பஸ்ஸிலேயே மலை ஏறுவோம். மாணவத் தம்பி தங்கைகளே, மலையிலிருந்து வந்து உங்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் ஊர்க்கதை கேளுங்கள். நான் பதினைந்து வருடம் தாமதமாகக் கேட்டேன்.