கோனிஸ்டன் ஏரியும் உடன்பிறந்தோர் கப்பலும்

இங்கிலாந்தின் வடமேற்கில், மலைகளுக்கு நடுவே கோனிஸ்டன் ஏரி கிடக்கிறது. நீளம் சுமார் 8 கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதன் தென்பாதியில் பீல் என்ற சின்னஞ்சிறு பாறைத் தீவு. இந்த ஏரியையும் பக்கத்து வின்டர்மியர் ஏரியையும் ஒன்றாகக் கலந்து, தீவையும் அதில் வைத்து ஆர்தர் ரான்சம் எழுதிய ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ 1930-இல் வெளிவந்தது. ஆங்கிலச் சிறுவர் சாகசக் கதைகளில் அண்ணன், அக்காள், தம்பி, தங்கை என்ற கூட்டம் இவ்வளவு உயிரோடு நடமாடும் நாவல்கள் குறைவு. நிஜ உடன்பிறப்புகள் ஒன்றாகப் படித்ததும் ஒன்றாக விளையாடியதுமே அதன் ஊற்று.

சாகசக் கதை தொடக்கத்தில் தனி மனிதனுடைய கதையாகத்தான் இருந்தது. 1719-இல் டானியல் டெஃபோ எழுதிய ராபின்சன் குரூசோ தன்னந்தனியாகத் தீவில் ஒதுங்கியவன். அந்தத் தீவுக்குள் ஒரு குடும்பத்தையே குடியேற்றியவர் யோஹான் டாவிட் வீஸ் என்ற சுவிட்சர்லாந்துப் பாதிரியார். தம் நான்கு மகன்களுக்காகச் சொல்லிவந்த கதையில், நான்கு மகன்களைப் பெற்ற ஒரு தகப்பனைக் கப்பல் உடைந்து தீவில் கரையேற வைத்தார். அது அச்சேறியது மகன்களின் கைப்பாட்டில்தான். யோஹான் ருடோல்ஃப் கதையைச் செப்பனிட்டு 1812-இல் வெளியிட்டார். யோஹான் இம்மானுவேல் படங்கள் வரைந்தார். கதை கேட்டு வளர்ந்த சகோதரர்களே அதைப் புத்தகமாக்கினார்கள். பிறகு 1899-இல் ஈ. நெஸ்பிட் ‘புதையல் தேடிகள்’ கதையில் ஆறு பிள்ளைகளைக் காட்டினார். வீட்டில் பணமுடை, அதைத் தீர்க்க அவர்கள் கையாளும் வழிகள் பெரும்பாலும் படித்த கதைகளிலிருந்து எடுத்தவை. ரான்சமுக்கு நெருங்கிய முன்னோடி நெஸ்பிட்தான்.

ரான்சம் 1884-இல் லீட்ஸில் பிறந்தார். தந்தை வரலாற்றுப் பேராசிரியர். விடுமுறை தோறும் தம்பி, தங்கைகளோடு கோனிஸ்டனின் தென்கோடியில் உள்ள நிப்த்வெய்ட் கிராமத்துப் பண்ணையில் தங்குவது வழக்கம். இளைஞரானதும் அதே ஏரிக்கரையில் வசித்த ஓவியரும் தொல்லியல் அறிஞருமான டபிள்யூ. ஜி. காலிங்வுட் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டார். காலிங்வுட் அந்த ஏரியையே களமாக்கி வைக்கிங் காலக் கதை ஒன்றை எழுதியவர். ரான்சம் சிறுவயதிலேயே அதை விரும்பிப் படித்திருந்தார். காலிங்வுட் வீட்டுப் பிள்ளைகள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். கதையும் படமும் அவர்களே எழுதி வரைந்து கோத்தவை. அவர்களில் ராபின் பின்னாளில் தத்துவ அறிஞர் ஆர். ஜி. காலிங்வுட் எனப் பெயர் பெற்றார். அவருடைய சகோதரி டோரா, எர்னஸ்ட் அல்டூன்யன் என்ற மருத்துவரை மணந்து, சிரியாவின் அலெப்போ நகருக்குப் போனார்.

1928 கோடையில் டோராவும் கணவரும் ஐந்து பிள்ளைகளோடு கோனிஸ்டனுக்கு வந்தார்கள். டாக்வி, சூசி, டிட்டி, ரோஜர், கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிரிஜிட். டிட்டியின் இயற்பெயர் மேவிஸ். சிறுவர் கதை ஒன்றில் வரும் எலியின் பெயரே அவளுக்குச் செல்லப் பெயராக ஒட்டிக்கொண்டது. எர்னஸ்டும் ரான்சமும் சேர்ந்து இரண்டு சிறு பாய்மரப் படகுகளை வாங்கினார்கள். ஒன்று ‘ஸ்வாலோ’, மற்றது ‘மேவிஸ்’. அந்தக் கோடை முழுக்கப் பிள்ளைகள் படகோட்டக் கற்றார்கள். ரஷ்யப் புரட்சியை நேரில் பார்த்துச் செய்தி எழுதியவர், அந்நேரம் 44 வயதான ரான்சம், அவர்களோடு கூட இருந்தார். 1929 ஜனவரியில் சிரியா திரும்புவதற்கு முன், அவருடைய பிறந்த நாளுக்குப் பிள்ளைகள் ஒரு ஜோடி சிவப்புத் துருக்கிச் செருப்புகளைக் கொடுத்தார்கள். சில வாரங்களில் அவர் நாவலைத் தொடங்கிவிட்டார். செருப்புக்குப் பதிலாக எழுதியது என்று முதல் பதிப்பின் சமர்ப்பணத்திலேயே குறித்தார்.

நாவலில் மூத்த பெண் டாக்வி, ஜான் என்ற ஆண்பிள்ளையானாள். சூசன், டிட்டி, ரோஜர் பெயர்கள் பெரிதும் மாறவில்லை. தீவுக்குப் புறப்படும்போது யார் எந்தப் புத்தகத்தை எடுத்துச் செல்கிறார்கள் என்பதைக் காட்டும் இடம் இந்நாவலின் நுட்பத்துக்கு நல்ல சான்று. தலைவன் ஜான் மாலுமிகளுக்கான கையேட்டையும் பால்டிக் கடல்வழி நூலின் ஒரு பாகத்தையும் எடுக்கிறான். சமையல் பொறுப்பேற்ற சூசனுக்குச் சிறு குடும்பங்களுக்கான எளிய சமையல் நூல். டிட்டிக்கு ராபின்சன் குரூசோ. தீவில் என்ன செய்யவேண்டும் என்று அதில் எல்லாம் இருக்கிறது என்பது அவள் நம்பிக்கை. ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், ஆளுக்கொரு குணம் என்பதை எந்த விவரணையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. தீவில் தனியே இருக்கும்போது டிட்டி குரூசோவாகிறாள். பார்க்க வந்த அம்மா, அவளுக்கு வெள்ளிக்கிழமை என்ற துணைவன். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் எல்லாம் ‘பூர்வகுடிகள்’. படகுவீட்டில் வசிப்பவருக்கு ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ தந்த ‘கேப்டன் ஃபிளின்ட்’ என்ற பெயர். எதிரணியான ‘அமேசான்’ படகிலும் அக்காள் தங்கைதான், நான்சியும் பெக்கியும். அவர்கள் வீட்டிலும் இதே கதைகள் படிக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் முதல் சந்திப்பிலேயே இரு தரப்புக்கும் ஒரே விளையாட்டு மொழி கைவந்துவிடுகிறது. கள்ளக்கடத்தல்காரர்களோ கொலைகாரர்களோ துரத்தவேண்டிய தேவையே பிள்ளைகளுக்கு இல்லை. படித்ததை நடித்துப் பார்க்க ஓர் ஏரியும், தலையிடாத பெரியவர்களும் போதும்.

1932-இல் ரான்சம் அலெப்போவுக்கே போய் அல்டூன்யன் வீட்டில் தங்கினார். பிள்ளைகளுக்காக ஒரு சிறு படகையும் கொண்டுபோனார். அங்கே எழுதிய ‘பீட்டர் டக்’, பிள்ளைகளே இட்டுக்கட்டும் கதை என்ற பாவனையில் அமைந்தது. படங்களையும் ரான்சமே வரைந்தார். தொடருக்குப் பெரும் வாசகர் கூட்டம் சேர்ந்தது அந்த நூலிலிருந்துதான். 1947 வரை மொத்தம் 12 நூல்கள். அவற்றில் 1936-இல் வந்த ‘பிஜன் போஸ்ட்’ முதல் கார்னகி பதக்கத்தைப் பெற்றது. 1942-இல் எனிட் பிளைட்டன் தொடங்கிய ‘ஃபேமஸ் ஃபைவ்’ வரிசையிலும் மூன்று உடன்பிறப்புகள், ஓர் உறவுக்காரப் பெண், ஒரு நாய் என்ற கூட்டமே கதையை நடத்துகிறது. ஆனால் அங்கே திருடர்களைப் பிடிப்பதுதான் வேலை.

ரான்சமுக்கும் அல்டூன்யன் குடும்பத்துக்கும் பிற்காலத்தில் மனக்கசப்பு வளர்ந்தது. அந்தப் பிள்ளைகளின் கதை என்று வாசகர்கள் சொல்வதை அவரால் ஏற்க முடியவில்லை. பின்னர் வந்த பதிப்புகளில் சமர்ப்பணம் எடுக்கப்பட்டது. 1958-இல் எழுதிய குறிப்பில், தாமும் தம்பி தங்கைகளும் கோனிஸ்டனின் தென்கோடியில் கழித்த விடுமுறைகளிலிருந்தே கதை பிறந்தது என்றார். இதில் பொய் இல்லை; ஆனாலும் 1928 கோடை இல்லாமல் அந்த நாவல் வந்திருக்காது என்பதற்குப் படகுகளும் பெயர்களுமே சாட்சி. டாக்வி தம் அலெப்போ நாட்களை 1969-இல் நூலாக்கினார். ரோஜர் மருத்துவரானார். ஆஸ்துமா நோயாளியான அவர் கினிப்பன்றி முடிச் சாற்றை மூச்சிழுத்துத் தமக்கே இளைப்பை வரவழைத்துச் சோதித்து, சோடியம் குரோமோகிளைகேட் மருந்தை உருவாக்கியவர். ‘மேவிஸ்’ படகு இன்று ‘அமேசான்’ என்ற பெயரோடு கோனிஸ்டன் ஊரின் ரஸ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.