டிஜிபி அம்மா கவுன்சிலரான கதை

2025 நவம்பரில் திருவனந்தபுரம் சாஸ்தமங்கலம் வார்டில் ஒரு வேட்பாளரின் பிரசார போர்டுகளைப் பற்றிச் சர்ச்சை கிளம்பியது. பெயரிலோ சின்னத்திலோ தகராறு இல்லை. பெயருக்குப் பின்னால் இருந்த ஐ.பி.எஸ். என்ற மூன்றெழுத்தில்தான் தகராறு. ஓய்வுபெற்று ஐந்து வருடம் ஆகப்போகிற ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்கலாமா என்று ஆம் ஆத்மி வேட்பாளர் தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்தார். சில போர்டுகளில் அந்த எழுத்துகளின் மேல் கறுப்பு மை ஏறியது. மீதியில் ‘ஓய்வு’ என்று சேர்த்தார்கள்.

வேட்பாளர் ஆர். ஸ்ரீலேகா. கேரளத்தின் முதல் பெண் ஐ.பி.எஸ்.

அந்த மூன்றெழுத்து அவருக்குச் சும்மா வந்ததில்லை. 1960 டிசம்பர் 25-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். ஆங்கில இலக்கியம் படித்து, கல்லூரியில் பாடம் நடத்தி, பிறகு ரிசர்வ் வங்கியில் அதிகாரியாகப் போனார். சொகுசான வேலை, நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டு 1987-ல் காக்கிக்குள் நுழைந்தார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாட்டிலேயே முதல் மகளிர் காவல் நிலையத்தைத் திறந்தது கேரளம்தான். 1973 அக்டோபர் 27-ல் கோழிக்கோட்டில் இந்திரா காந்தி திறந்துவைத்தார். ஆனால் காவல் நிலையத்தைப் பெண்கள் கையில் கொடுத்த அந்த மாநிலத்துக்கு ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி கிடைக்க அதற்குப் பிறகும் பதினான்கு வருடம் ஆனது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் திலகவதி 1976-லேயே வந்துவிட்டார். ‘கல்மரம்’ நாவலுக்காக 2005-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய அதே திலகவதிதான். ஸ்ரீலேகாவும் எழுதுகிறவர், மலையாளத்தில் குற்றக் கதைகள் எழுதியிருக்கிறார்.

கோட்டயத்தில் ஏ.எஸ்.பி.யாகத் தொடங்கி, மாவட்டக் கண்காணிப்பாளராகி, சி.பி.ஐ.க்குப் போனார். அங்கேதான் ‘ரெய்டு ஸ்ரீலேகா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டப்பெயர் வைப்பதில் மலையாளப் பத்திரிகைகளை மிஞ்ச ஆளில்லை. அப்புறம் போக்குவரத்து ஆணையர், சிறைத்துறைத் தலைவர், கடைசியில் தீயணைப்புத் துறை. டிஜிபி அந்தஸ்தை எட்டிய முதல் கேரளப் பெண் அதிகாரியும் அவர்தான். 2020 டிசம்பர் கடைசியில் ஓய்வுபெற்றார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் வாயைக் கட்டி வைக்கவில்லை. யூடியூப் சேனல் நடத்தினார். நடிகை தாக்கப்பட்ட வழக்கில் நடிகர் திலீப்புக்கு எதிரான விசாரணையைச் சந்தேகித்து 2022-ல் அங்கே அவர் பேசியது பெரிய அமளியைக் கிளப்பியது. 2024 அக்டோபரில் பா.ஜ.க.வில் சேர்ந்தார். 2025-ல் கட்சியின் மாநிலத் துணைத் தலைவர்களில் ஒருவரானார். அதே வருடக் கடைசியில் வார்டு தேர்தல் வந்தது. திலீப் விடுதலையான தீர்ப்பு டிசம்பர் 8. சாஸ்தமங்கலத்தில் வாக்குப்பதிவு மறுநாள்.

தமிழ்நாட்டு எல்லையோரத்தில் இருக்கும் நம் முதலமடையில் ஓட்டு 11-ம் தேதி, இரண்டாம் கட்டத்தில். இங்கே பஞ்சாயத்துச் சண்டை நடந்துகொண்டிருந்தாலும் டீக்கடைப் பேச்சு தலைநகரைப் பற்றித்தான்: ஜெயித்தால் டிஜிபி அம்மாதான் மேயர். 13-ம் தேதி எண்ணினார்கள். 101 வார்டுள்ள மாநகராட்சியில் பா.ஜ.க. கூட்டணிக்கு 50. நாற்பது வருடத்துக்கு மேல் இடதுசாரிகள் கையில் இருந்த நகரம் கைமாறியது. சாஸ்தமங்கலத்தில் ஸ்ரீலேகா ஜெயித்தார்.

மேயர் நாற்காலி கிடைக்கவில்லை. 26-ம் தேதி, அவருக்கு 65 வயது முடிந்த மறுநாள், கவுன்சிலர்களின் 51 ஓட்டு வாங்கி மேயரானவர் வி.வி. ராஜேஷ். இளைஞரணியிலிருந்து கட்சிக்குள்ளேயே வளர்ந்தவர், முன்பே கவுன்சிலராக இருந்தவர். விழா முடிவதற்குள் ஸ்ரீலேகா கிளம்பிப்போனதைச் செய்தி சேனல்கள் திரும்பத் திரும்பக் காட்டின. மேயர் பதவியை முன்வைத்துப் பேசித்தான் தன்னை நிற்கச் சொன்னார்கள் என்று பிறகு அவரே சொன்னார். இதே மாநகராட்சியில் 2020-ல் 21 வயதுக் கல்லூரி மாணவி ஆர்யா ராஜேந்திரன் மேயரானார். அவரை அங்கே உட்காரவைத்ததும் கட்சி எடுத்த முடிவுதான். வயது, அனுபவம், பதக்கம் எதுவும் கட்சி முடிவெடுக்கும் அறையில் தனியாகச் செல்லுபடியாவதில்லை.

எல்லையோரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலமடையில் நாம் மெம்பருக்குத்தான் ஓட்டுப் போடுகிறோம். பஞ்சாயத்துத் தலைவரை மெம்பர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கதை மாறும். பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தில் தலைவருக்கென்றே தனி ஓட்டு. மாநகராட்சிகளில் தமிழ்நாடு இரண்டு முறையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டது. 1996-ல் மு.க. ஸ்டாலின் சென்னைக்கு மேயரானது மக்களின் நேரடி ஓட்டில். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள், 2011-ல் மறுபடி நேரடி, 2022-ல் மறுபடி கவுன்சிலர்கள். கேரளத்தில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் ஸ்ரீலேகாவின் கதை வேறு திசையில் போயிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

நேரடி ஓட்டில் ஒரு போலீஸ்காரர் நகரத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு பிலிப்பைன்ஸ் நாட்டில் ஓர் ஆள் இருந்தார். ஆல்ஃப்ரெடோ லிம். 1929-ல் பிறந்து அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1951-ல் மணிலா போலீஸில் சேர்ந்து படிப்படியாக ஏறி, தேசியப் புலனாய்வுத் துறைக்கே தலைவரானார். 1992-ல் மணிலா மேயர். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் லத்தியை அவர் கீழே வைக்கவில்லை. எர்மிட்டா பகுதியின் மதுக்கூடங்களையும் கேளிக்கை விடுதிகளையும் மூடவைத்தார். போதைப்பொருள் விற்பதாகச் சந்தேகப்பட்டவர்களின் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்ட் அடிக்கவைத்தார். ஊர் கைதட்டியது, ‘டர்ட்டி ஹாரி’ என்று சினிமா போலீஸின் பெயரையும் சூட்டியது. எர்மிட்டாவுக்காகப் போட்ட நகரச் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது. குற்றம் நிரூபணமாகாத வீட்டில் பெயிண்ட் அடிப்பதை நிர்வாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணிலாக்காரர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. 2007-ல் மறுபடி அவரையே மேயராக்கினார்கள். 2010 ஆகஸ்டில் வேலையிழந்த ஒரு போலீஸ் அதிகாரியே சுற்றுலாப் பேருந்தைச் சிறைபிடிக்க, ஹாங்காங் பயணிகள் எட்டுப் பேர் செத்தார்கள். நெருக்கடியைக் கையாண்ட விதத்துக்காக லிம்மின் மேல் பழி விழுந்தது. 2013-ல் தேர்தலில் தோற்றார். 2020 ஆகஸ்டில் கொரோனாவில் காலமானார்.

போலீஸிலிருந்து அரசியலுக்குப் போனவர் சென்னையிலும் ஒருவர் உண்டு. நகர போலீஸ் கமிஷனராக இருந்த ஆர். நட்ராஜ், 2016-ல் அ.தி.மு.க. சார்பில் மயிலாப்பூர் எம்.எல்.ஏ. ஆனார். 2017 பிப்ரவரி நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமிக்கு எதிராக ஓட்டுப் போட்டார். 2021-ல் தொகுதியை இழந்தார். மந்திரி பதவி எட்டவே இல்லை.

ஸ்ரீலேகாவுக்கு மிச்சமிருந்தது ஒரு வார்டு. அதில் அவர் முதலில் கை வைத்தது ஓர் அலுவலக அறையில். சாஸ்தமங்கலத்தில் மாநகராட்சிக் கட்டடத்தில்தான் வட்டியூர்க்காவு எம்.எல்.ஏ. வி.கே. பிரசாந்தின் அலுவலகம் இருந்தது. கவுன்சிலர் அலுவலகத்துக்கு இடம் போதவில்லை, காலிசெய்து தர முடியுமா என்று டிசம்பர் கடைசி வாரத்திலேயே கேட்டார். பிரசாந்த் சாதாரண ஆள் இல்லை. மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், அதே மாநகராட்சிக்கு முன்னாள் மேயர். வாடகை ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்றார். ஒரு தம்பியிடம் கேட்பதுபோல்தான் கேட்டேன் என்றார் ஸ்ரீலேகா. எம்.எல்.ஏ.வை விரட்டப் பார்க்கிறார்கள் என்று ஒரு கட்சியும், மாநகராட்சிக் கட்டடத்தில் எத்தனை ரூபாய் வாடகை என்று மறு கட்சியும் கிளம்ப, இரண்டு வாரத்துக்கு ஊரெல்லாம் அந்த அறைதான் பேச்சு. ஜனவரியில் பிரசாந்த் தன் அலுவலகத்தை மருதங்குழிக்கு மாற்றிக்கொண்டார்.