கோர்க் நகரத்து மக்நமாரா

மகன் பள்ளிக்கூடத்தில் றகர் விளையாடத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பெயர் என் காதில் விழுந்தது. மைதானத்தில் பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் சொன்னார்: வின்சென்ற் மக்நமாரா. நாங்கள் குடியிருக்கும் இதே கோர்க் நகரத்துப் பிள்ளை, 1891இல் பிறந்தவர். கிறிஸ்தியன் பிறதர்ஸ் கல்லூரியிலும், பிறகு இங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியிலும் படித்தவர்.

விளையாடிய இடம் ஸ்கிரம் ஹாவ். றகர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இந்தப் பக்கம் எட்டுத் தடியன்கள், அந்தப் பக்கம் எட்டுத் தடியன்கள், தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். அந்தக் கால்களுக்குள்ளால் வாற பந்தைப் பொறுக்கி, மிதிபடாமல் வெளியே எறியவேண்டியவர் இவர். ஆள் பெரிசாக இருக்கத் தேவையில்லை, பயம்தான் இருக்கக்கூடாது. 1914இல் அயர்லாந்துக்காக மூன்று சர்வதேசப் போட்டிகள் ஆடினார்.

அந்த ஓகஸ்ற்றில் யுத்தம் வந்தது. அயர்லாந்து முழுவதும் அப்போது பிரித்தானிய ஆட்சிக்குள். மக்நமாரா றோயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து, துருக்கியின் கலிப்பொலிக்குப் போனார். எஞ்சினியர் என்றவுடன் மேசையில் இருந்து படம் கீறுகிற வேலையென்று நினைக்கவேண்டாம். அங்கே இறங்குதுறை கட்டினதும் கிணறு வெட்டினதும் அவர்கள்தான். எதிரியின் பதுங்குகுழிக்குக் கீழே சுரங்கம் தோண்டி வெடிவைத்ததும் அவர்கள்தான். வெடித்தபின் சுரங்கத்துக்குள் தங்குகிற நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 1915 நவம்பர் கடைசியில் அங்கே புயல் மழை, அதற்குப் பின்னால் பனி. பதுங்குகுழிகளில் வெள்ளம் ஏறி, குளிரில் விறைத்தே பலர் செத்தார்கள். அந்த மாதம் 29ஆம் திகதி மக்நமாரா உயிரிழந்தார். வயது 24. 1916 ஜனவரி 9இல் கடைசிப் படையும் கலிப்பொலியை விட்டு வெளியேறிவிட்டது. அவ்வளவு தோண்டினதும் வீண்.

1916 ஏப்ரலில் டப்ளினில் பிரித்தானியருக்கு எதிரான எழுச்சி. மே 9ஆம் திகதி கோர்க் மாவட்டத்தின் தோமஸ் கென்றை பிரித்தானிய இராணுவம் இந்த நகரத்தில் வைத்தே சுட்டுக்கொன்றது. இன்று எங்கள் ரயில் நிலையத்துக்கு அவர் பெயர்தான். நியாயமான மரியாதை, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஆறு மாதத்துக்குள் நாட்டின் மனம் மாறிவிட்டது. பிரித்தானிய உடுப்போடு செத்த ஆயிரக்கணக்கான ஐரிஷ் பொடியன்களைப் பற்றிப் பேசுவது பல வீடுகளில் சங்கடமான கதையாகிவிட்டது. அந்த முதியவரும் சொன்னார், தன் பாட்டனாரின் தம்பியின் படத்தை அலுமாரிக்குள் உடுப்புகளுக்குக் கீழே வைத்திருந்தார்களாம். எந்த உடுப்போடு செத்தான் என்று பார்த்துத்தான் அழவேண்டிய நிலைமை எங்கட சனத்துக்கு விளங்காததல்ல.

1998 நவம்பர் 11இல்தான் பெல்ஜியத்தின் மெசீன் என்ற இடத்தில் அயர்லாந்தின் ஜனாதிபதி மேரி மக்கலீசும் இரண்டாம் எலிசபெத் மகாராணியும் சேர்ந்து நின்று, அந்த யுத்தத்தில் இறந்த ஐரிஷ்காரருக்கான நினைவுப் பூங்காவைத் திறந்துவைத்தார்கள். கென்றின் எலும்புகளும் சிறைமுற்றத்தில் 99 வருஷம் கிடந்து, 2015 செப்ரெம்பரில்தான் அரச மரியாதையோடு அவருடைய சொந்த ஊரான காசில்லயன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன.

மகன் கென்றின் பெயரை ஸ்ரேசனில் அடிக்கடி பார்க்கிறான். மக்நமாராவின் கதையை நான்தான் சொன்னேன். அவனும் ஸ்கிரம் ஹாவ்தான் விளையாடுகிறான்.