குருமார் தொண்டைநோயும் ஜே31.2-உம்

என் அம்மா முப்பது ஆண்டுகளாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அண்மையில் அவருடைய காப்பீட்டுத் தாளில், நோயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜே31.2' என்று மட்டும் இருந்தது. "என்னடா இது, பேருந்து எண்ணா?" என்றார்.

நாள்பட்ட தொண்டை அழற்சி என்பதற்குப் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தம் அளித்த குறியீடு அது. 'ஜே' மூச்சுமண்டலத்தைக் குறிக்கும்; 31 நாள்பட்ட மூக்கு, தொண்டை அழற்சிகளை; புள்ளிக்குப் பின்வரும் 2 தொண்டையை மட்டும். முந்தைய ஒன்பதாம் திருத்தத்தில் இதுவே 472.1.

எண்களுக்கு முன் இந்நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர்கள் இதைக் 'குருமார் தொண்டைநோய்' என்றனர். மேடையேறி உரத்துப் பேசியே தொண்டை புண்ணான கிறித்தவப் போதகர்களை நினைத்து இட்ட பெயர். நியூயார்க் மருத்துவர் ஹோரஸ் கிரீன் 1846இல் மூச்சுவழி நோய்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே இப்பெயர் உண்டு. வளைந்த திமிங்கில எலும்புத் தண்டின் முனையில் கடற்பஞ்சைக் கட்டி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்துத் தொண்டைக்குள் தடவுவது அவர் வைத்தியம். குரல்வளைக்குள்ளும் அதைச் செலுத்தியதாக அவர் சொன்னதைச் சக மருத்துவர்கள் நம்ப மறுத்தனர். (படிக்கும்போதே நமக்குத் தொண்டை கமறுகிறது.)

இத்தகைய பெயர்களை வில்லியம் ஃபார் போன்ற புள்ளியியலாளர்கள் விரும்பவில்லை. ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்கினால் எப்படி எண்ணுவது என்பது 1839 முதலே அவர் எழுப்பிய முறையீடு. அது நியாயமானதே. 1893இல் சிகாகோவில் ஷாக் பெர்த்தியோன் முன்வைத்த பட்டியல் அந்த முறையீட்டின் வழிவந்தது. ஆனால் அது சாவின் காரணங்களை வகைப்படுத்திய பட்டியல். ஆளைக் கொல்லாமல் குரலை மட்டும் அரிக்கும் நோய்க்கு அங்கே என்ன மதிப்பு இருந்திருக்கும்? உயிரோடிருப்பவரின் நோய்களும் முறையாக இடம்பெற்றது 1948இல், உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்ற ஆறாம் திருத்தத்தில்தான்.

மொழியியல் மாணவனாக என்னை உறுத்துவது வேறொன்று. 'தொண்டை வலி' என்பதற்குத் தனிக் குறியீடு உண்டு: ஆர்07.0. அது அறிகுறிகளின் அதிகாரத்தைச் சேர்ந்தது. அமெரிக்கப் பதிப்பின் விதிப்படி அதையும் ஜே31.2-ஐயும் சேர்த்து எழுதலாகாது. முதலாவது நோயாளியின் சொல். இரண்டாவது மருத்துவரின் தீர்ப்பு. தீர்ப்பு வந்ததும் சொல் விலகிக்கொள்ள வேண்டும். விலகும் சொல்லோடு தொழிலும் போய்விடுகிறது. போதகர் என்றும் ஆசிரியை என்றும் உணர்த்தும் எழுத்து ஜே31.2-இல் எதுவுமில்லை.

முற்றிலும் போய்விட்டது என்று சொல்வதும் பிழை. பத்தாம் திருத்தத்தில் ஒய்96 என ஒரு துணைக்குறியீடு இருக்கிறது: தொழிலோடு தொடர்புடைய நிலை. பெயருக்குள் இருந்த தொழில் தனி வரியாகப் பிரிந்து நிற்கிறது. மருத்துவர் கேட்டால்தான், அதை எழுதினால்தான் அந்த வரி உண்டு.

அம்மாவின் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். ஒய்96 இல்லை. "வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று மருத்துவர் கேட்டாரா?" என்றேன். "எதற்குக் கேட்பார்?" என்றார் அம்மா, கரகரத்த குரலில்.